தொண்டையில் நின்ற தினைமாவு

எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம். திருவிழாவின் கடைசி ராத்திரி ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடந்தே ஆக வேண்டும். மதுரைக்குப் போய் கதாநாயகனுக்கு ராஜபார்ட், கதாநாயகிக்கு ஸ்திரீபார்ட், கோமாளிக்குப் பபூன் என்று ஆள் ஆளாகப் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த வருஷம் வரிப்பணம் சரியாகச் சேரவில்லை. “நாமளே வேஷம் கட்டுனா என்ன?” என்று மந்தையில் ஒருத்தர் விளையாட்டாகக் கேட்டார். இரண்டு மாதம் எங்கள் தூக்கம் போனது.

அப்படித் தனித்தனியாகப் பேசி வருகிற ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு ஒத்திகை கிடையாது. வேறு வேறு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு, மீதியை வாய்ச் சாமர்த்தியம் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கோ நாலு வரி நிற்கவே நாலு நாள் ஆனது. 1918-ல் சுவாமிகள் மதுரையில் பொடியன்களை வைத்துப் பாலசபை என்று நாடகக் குழு தொடங்கினாரே, எப்படித்தான் மேய்த்தாரோ! எங்கள் வாத்தியார் மேய்த்ததெல்லாம் மீசை வைத்த பொடியன்களை.

மொத்த முருகனையும் தாங்க ஊரில் ஆளில்லை. அதனால் வேடனுக்கு ஒருத்தன், கிழவனுக்கு நான். வள்ளியாக என் மச்சான். மீசையை எடுக்க அவன் கேட்ட கூலி இரண்டு பிரியாணி. ஆர்மோனியத்துக்கு மட்டும் வெளியூர்க்காரர். “எத்தனை கட்டைப்பா?” என்று கேட்டார். நாங்கள் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவரே ஏதோ ஒரு சுதியைப் பிடித்துக்கொண்டார்.

கிழவன் வள்ளியிடம் தேனும் தினைமாவும் வாங்கித் தின்று, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்க வேண்டும். சும்மா கையை வாய்க்குக் கொண்டுபோனால் போதும் என்றுதான் வாத்தியார் சொல்லியிருந்தார். என் அத்தை விடவில்லை. சாமி கதையில் பொய் கூடாது என்று நிஜத் தினையை இடித்து, தேன் விட்டுப் பிசைந்து, தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டது. ராத்திரி ஒரு மணி, சாயங்காலத்திலிருந்து நான் பட்டினி. ஒரு பெரிய உருண்டையாக எடுத்துப் போட்டேன்.

மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஒட்டுத்தாடி வேறு வாய்க்குள் வருகிறது. கண்ணில் தண்ணீர் முட்ட, நிஜ விக்கல் கிளம்பிவிட்டது. கையை ஆட்டினேன். மச்சானோ நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று நினைத்து, கிழவனைக் கிண்டல் செய்யும் பாட்டை இரண்டாம் தரம் எடுத்தான். கூட்டத்தில் விசில். மைக்கில், “கிழவர் நடிப்பைப் பாராட்டி அன்பளிப்பு ஐம்பது ரூபாய்!” ஆர்மோனியக்காரர்தான் என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று பாட்டை முடித்து, தன் சொம்பை மேடையில் உருட்டிவிட்டார். சுனைக்குப் போகாமலே கிழவனுக்குத் தண்ணீர் கிடைத்தது. கதைப்படி தப்புதான், யாரும் கண்டுகொள்ளவில்லை.

அப்புறம் யானை வந்தது, கறுப்புக் கம்பளிக்குள் இரண்டு பேர். பின்கால் தூங்கிவிட்டதால் முன்கால் மட்டும் வந்து வள்ளியை மிரட்டியது.

விடிந்து, முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் பாய் விரித்து விடிய விடியப் பார்த்த அப்பத்தா ஒருத்தி வந்து என் நெஞ்சைத் தடவி, “விக்கல் நின்னுருச்சா சாமி?” என்றது. தினமும் என்னை “டேய்” என்று கூப்பிடுகிற கிழவி!

இந்த வருஷமும் நாங்கள்தான். தினை இடித்தாயிற்று என்று அத்தை நேற்றே சொல்லி அனுப்பிவிட்டது.