ரப்பர் புழு மாதிரி கட்டிய ஃப்ளை: வால் முள்ளில் சுற்றிக்கொள்கிறது, உதவுங்கள்

ஓடைமீன்:
சனிக்கிழமை தண்ணீருக்குப் போகிறேன், அவசரம். லார்ஜ்மவுத் பாஸ் மீனுக்காக, முடியோடு கூடிய முயல்தோல் பட்டையில், ரப்பர் புழு மாதிரி நீளமான ஃப்ளை (தூண்டில் முள்ளில் நூலால் கட்டும் போலி இரை) கட்டினேன். வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி) இருக்கும்போது அருமையாக இருக்கிறது. வீசினால் வால் முள்ளின் வளைவில் சுற்றிக்கொள்கிறது. சுற்றாத நேரத்திலும் ரப்பர் புழு போல இறங்காமல் தலைகுப்புற விழுகிறது. நூலை இறுக்கினேன், பசை போட்டேன், எதுவும் மாறவில்லை. என்ன செய்யலாம்?

நாணல்:
முள் என்ன அளவு? பட்டை எவ்வளவு நீளம்? கனம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

கரையோரம்:
தடி எத்தனை வெயிட் (எவ்வளவு கனமான லைனுக்கான தடி என்று காட்டும் எண்) என்பதையும் சொல்லுங்கள். முயல்தோல் நனைந்தால் நல்ல கனம். மெலிந்த தடியில் வீசினால் லைன் விரியும் முன்பே ஃப்ளை விழுந்துவிடும், அப்போதுதான் வால் சுற்றும். 8 வெயிட் தடி, குட்டையான தடித்த லீடர் (லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் நரம்பு). பின்வீச்சில் லைன் முழுதும் நீளும்வரை பொறுங்கள். கட்டியதில் குறையே இருக்காது.

சுற்றுநூல்:
முயலை விட்டுவிடுங்கள், ஷாமி தோலுக்கு (துடைக்கப் பயன்படும் மிருதுவான தோல்) வாருங்கள். மெல்லிய நாடாவாக வெட்டினால் ஈரத்தில் துவண்டு நெளியும். எனக்கு வேறெதுவும் தேவைப்பட்டதில்லை.

பழையகை:
அடிப்படை தெரியாமல் நீளப் புழுவில் இறங்குகிறவர்கள் எல்லோரும் இதே கேள்வியோடு வருகிறார்கள். முதலில் ரப்பர் புழு ஏன் மீனை எடுக்கிறது என்று யோசியுங்கள், தம்பி. உப்பு கலந்து வார்த்த குச்சிப் புழு கனம் சேர்க்காமலே படுத்தவாக்கில் இறங்கும், இரண்டு முனையும் நடுங்கும். நீங்கள் தலையில் டம்பெல் கண் (இருபுறமும் குண்டுள்ள கனமான உலோகக் கண்) கட்டியிருப்பீர்கள். மூக்கு குத்தாமல் என்ன செய்யும்? ஈயக்கம்பியை முள்தண்டின் நடுவில் சுற்றுங்கள்.

நாணல்:
கனத்தைப் பற்றி ஐயா சொன்னது சரி. ஆனால் வால் சுற்றுவதற்கு அது மருந்தில்லை. வளைவு தொடங்கும் இடத்தில், பட்டையைக் கட்டும் முன்பே, 20 பவுண்டு தாங்கும் தூண்டில் நரம்பில் சின்ன வளையம் ஒன்று கட்டுங்கள். அது படுக்கையாகப் பின்னால் நீட்டி நிற்க வேண்டும், வளைவைச் சற்றே தாண்டினால் போதும். பட்டை அதன்மேல் படுத்துக்கொள்ளும், கீழே இறங்கி முள்ளைப் பிடிக்காது. வால் முனையைத் தோல் பக்கமிருந்து பிளேடால் கூராகச் சீவுங்கள். முடி வெட்டுப்படாது, காற்றில் சுழல்வதும் குறையும்.

நீர்க்காகம்:
இவ்வளவு பாடு எதற்கு? ரப்பர் புழுவையே ஃப்ளை தடியில் மாட்டி வீசலாமே.

பழையகை:
அது ஃப்ளை மீன்பிடிப்பே இல்லை. ஃப்ளை அல்லாத வேறு போலி இரையையும், ஃப்ளையில் வாசனை பூசுவதையும் ஐஜிஎஃப்ஏ (மீன்பிடிச் சாதனைகளைப் பதியும் சர்வதேச அமைப்பு) விதி தடுக்கிறது.

நீர்க்காகம்:
அந்த விதி சாதனைப் பதிவுக்கு. குளத்தில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவருக்கு அது எதற்கு? நிக் கிரீம் 1949-ல் முதல் பிளாஸ்டிக் புழுவை வார்த்ததே நிஜப் புழுவைப் பார்த்துத்தான். அதைப் பார்த்து நீங்கள் முயல்தோலில் கட்டுகிறீர்கள். நகலுக்கு நகல் கட்டும்போது தூய்மை எங்கிருந்து வந்தது?

சுற்றுநூல்:
கையால் கட்டியதில் மீன் ஏறினால் வரும் நிறைவு தனி, நண்பரே. அதற்காகத்தான் இங்கே இருக்கிறோம்.

கரையோரம்:
கேள்வி கேட்டவரைக் கவனியுங்கள். தடி என்னவென்று இன்னும் சொல்லவில்லை.

ஓடைமீன்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். 1/0 முள், பட்டை 6 அங்குலம், முன்னால் டம்பெல் கண், 6 வெயிட் தடி.

நாணல்:
அந்தத் தடிக்கு 6 அங்குலம் அதிகம். 4-க்குக் குறையுங்கள், கண்ணை எடுத்துவிட்டு நடுவில் ஈயக்கம்பி. அப்புறம் ஒன்று: டம்பெல் கண்ணைத் தண்டின் மேல்பக்கம் கட்டினால் முள்முனை மேலே திரும்பிக்கொள்ளும், பாசியில் அவ்வளவாக மாட்டாது. கண்ணை எடுத்தால் முனை கீழே வந்துவிடும், அதனால் முனை பாசியில் மாட்டாதபடி நரம்பில் ஒரு பாசித்தடுப்பு கட்டாயம் வையுங்கள்.

ஓடைமீன்:
வளையம் கட்டினேன், 4 அங்குலம் ஆக்கினேன். வாளித் தண்ணீரில் படுத்தே இறங்குகிறது. வீசினேன், சுற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி!

சுற்றுநூல்:
ஷாமியையும் ஒருமுறை பாருங்கள்.

நாணல்:
நல்லது. இறங்கும்போது லைனை ரொம்பத் தளரவிடாதீர்கள், பல கடிகள் அப்போதுதான் வரும். லைன் நுனி பக்கவாட்டில் நகர்ந்தால் தடியைத் தூக்க வேண்டாம். லைனைக் கையால் வெடுக்கென்று இழுத்து முள்ளை ஏற்றுங்கள். சனிக்கிழமை என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.