திண்ணைத் தூண் அடி உளுத்து மாற்றியவர்கள், பார்த்ததை எழுதுங்கள்

பாபநாசம் பக்கம்:
நாட்டு ஓட்டு வீடு, வாசல் தாழ்வாரத்தில் நாலு தேக்குத் தூண். மூன்றாவதுக்கு முட்டுக் கொடுத்து ஜாக்கியை லேசாக ஏற்றியதுமே தூண் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு முழத்துக்கு மரமே இல்லை. பச்சை எனாமல் பெயிண்ட் மட்டும் குழாய் மாதிரி நின்றிருக்கிறது, உள்ளே ஈரச் செல்மண் (கரையான் கட்டும் மண்). இடுப்பு உயரத்தில் தட்டினால் கணீரென்றுதான் கேட்டது. தட்டிப் பார்ப்பவர்கள் தரையிலிருந்து முதல் ஒரு அடியில் தட்டுங்கள், கூடவே மெல்லிய திருப்புளியால் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் மரம் போய்விட்டது.

தூண் உட்காரும் கல் பாதம் தரைக்குள் புதைந்து கிடந்தது. பழைய சிவப்புத் தரை, அதன்மேல் மொசைக், அதன்மேல் டைல்ஸ். கடைசியாக டைல்ஸ் போட்டபோது தூணைச் சுற்றிச் சிமெண்டு வைத்து அழகாகப் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சுதான் எல்லாவற்றுக்கும் காரணம். மரம் வெயிலில் சுருங்கும், சிமெண்டு அதோடு சேர்ந்து சுருங்காது. நடுவில் விழும் மயிரிழை இடுக்கில் சாரல் தண்ணீர் இறங்கினால் வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடிக்கும், பின்னாலேயே கரையான் வரும். பூச்சை முழுக்க உடைத்து, புதுக் கருங்கல் பாதம் தரைக்கு மேல் 4 அங்குலம் தெரியும்படி வைத்த பிறகுதான் புதுத் தூண் நின்றது.

நன்னிலம்:
முட்டு எத்தனை, எங்கே என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே அண்ணே, அங்கேதான் ஆபத்து. இங்கே ஒரு சீமை ஓட்டு வீட்டில் தூணுக்கு இடப்பக்கம் ஒரே ஒரு சவுக்கு முட்டு. தூணை உருவியதும் வலப்பக்கத்து உத்திரம் போதிகையை (தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) விட்டு நழுவி இரண்டு அங்குலம் இறங்கியது, ஓடு வரிசை வரிசையாகத் தெருவில் விழுந்தது. வாசலில் ஆள் இல்லாதது நல்ல காலம்.

உத்திரம் முழு நீளத்துக்கும் ஒரே கட்டை கிடையாது. இரண்டு கட்டைகள் போதிகையின் மேல்தான் சந்திக்கும். அதனால் நடுத்தூண் ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் ஒன்றரை அடி தள்ளி முட்டு வேண்டும். தூணுக்கு நேர் மேலே உள்ள ஓடுகளை முதலிலேயே இறக்கி அடுக்கிவிடுங்கள்.

ஜாக்கி பெரிதாக வேண்டும் என்று அலைய வேண்டாம். சீமை ஓடு ஒன்று இரண்டரை கிலோ, சதுர மீட்டருக்கு 16 என்றால் 40 கிலோ. தூண் ஒன்று தாங்குவது ஏறத்தாழ 3 சதுர மீட்டர் கூரை. கைமரம், ரீப்பர், உத்திரம் எல்லாம் சேர்த்தும் 300 கிலோவைத் தாண்டாது. 5 டன் ஜாக்கியே மிச்சம். கவலைப்பட வேண்டியது கீழே. திண்ணைக்குள் இருப்பது மணலும் செங்கல் துண்டும், முட்டுக் கட்டையை அப்படியே வைத்தால் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். இரண்டு அங்குலக் கனப் பலகை, இரண்டடி நீளம், அதன்மேல் முட்டு. 3 மில்லிமீட்டர் எழும்பினால் போதும், அதற்கு மேல் தூக்கினால் பக்கத்துத் தூண்களின் கழுந்து (குழிக்குள் உட்காரும் முனை) கிளம்பிவிடும்.

கும்பகோணம், தச்சுவேலை:
மேலே 6 அடி வைரம் பாய்ந்த தேக்கு கெடாமல் இருக்கும்போது முழுத் தூணையும் தூக்கிப்போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அந்த மரம் இன்றைக்குக் கிடைக்காது. அடியை மட்டும் மாற்றலாம், தூண் தாங்குவது பெரும்பாலும் நேர் எடைதான்.

உளுத்தது கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து மேலே இன்னும் ஆறு அங்குலம் தள்ளி நல்ல மரத்தில் வெட்டுங்கள். பாதிக்குப் பாதி ஒட்டு, அதாவது இரண்டு துண்டிலும் பாதிக் கனத்தை வெட்டி ஒன்றோடு ஒன்று பொருத்துவது. ஒட்டின் நீளம் தூண் கனத்தைப் போல மூன்று மடங்கு, 6 அங்குலத் தூணுக்கு 18 அங்குலம். 12 மில்லிமீட்டர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட் இரண்டு, ஒரே நேர்க்கோட்டில் வராமல் விலக்கி. வெளியே தெரியும் வெட்டுவாய் வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும், மட்டமாக இருந்தால் அங்கே தண்ணீர் தங்கும். புதுத் துண்டு பழைய தேக்காகவே இருக்கட்டும், காரைக்குடி பழைய மரக்கடைகளில் உடைந்த தூண் துண்டு கிடைக்கும். மரத்தின் அடிப்பக்கம் கீழே, நுனிப்பக்கம் மேலே வரட்டும்.

எல்லாத் தூணையும் ஒரே அளவுக்கு அறுக்காதீர்கள். பழைய உத்திரம் தொய்ந்திருக்கும், ஒவ்வொரு தூணுக்கும் உயரம் வேறு. முட்டில் ஏற்றி நிறுத்திய பிறகு கல்லிலிருந்து போதிகை வரை அளந்து, அந்த அளவுக்கு அறுப்பதே சரி.

மன்னார்குடி:
தச்சுவேலை ஐயா சொல்வது உளுத்தது இரண்டடிக்குள் இருந்தால் சரி. நடுமரம் கூடாகிப்போன தூணில் ஒட்டு நிற்காது. போதிகைப் பக்கம் கால் அங்குலத் துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள், கறுத்தோ ஈரமாகவோ வந்தால் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதுதான். 6 அங்குலச் சதுரம், 8 அடி என்றால் 2 கன அடி. உருட்டுத் தூண் கடைய 7 அங்குலச் சதுரம் வேண்டும், அது 2.7 கன அடி ஆகிவிடும். கடைக்காரர் இளந்தேக்கைக் காட்டினால் வெள்ளைப் பாகம் எவ்வளவு என்று வெட்டுமுகத்தில் பாருங்கள், கரையான் முதலில் தின்பது அதைத்தான்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், கரையான் மருந்து தூணில் மட்டும் அடித்துப் பயனில்லை. தூணைச் சுற்றியும் சுவரோரமும் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை போட்டு, இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி கலந்து மண்ணுக்குள் இறக்க வேண்டும். கிணறு பக்கத்தில் இருந்தால் இந்த வேலை வேண்டாம். போராக்ஸ் கரைசல் நல்லதுதான், ஆனால் மழை படும் அடிமரத்தில் கழுவிக்கொண்டு போய்விடும்.

வேதாரண்யம் பக்கம்:
எல்லோரும் மேலிருந்து அழுத்தும் எடையையே பேசுகிறீர்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் இரவுக்குப் பிறகு இந்தப் பக்கம் பல தாழ்வாரங்களில் தூண் உடையவில்லை, முழுசாகத் தரையில் கிடந்தது. காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கியதும் தூணுக்கு எடை இல்லை, சாய்ந்துவிட்டது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 47 கிலோ. மேலே ஓட்டுக்கணக்கு 40 என்று போட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுத் தூண் வைக்கும்போதே போதிகையையும் உத்திரத்தையும் பட்டையும் போல்ட்டும் வைத்துத் தூணோடு கட்டிவிடுங்கள். அடியில் யு வடிவ எஸ்.எஸ். தகடு, அதன் கம்பி கல்லைத் துளைத்துக் கீழே காங்கிரீட்டில் இறங்க வேண்டும். ஒரு அடிச் சதுரம், அரை அடி உயரக் கருங்கல் 37 கிலோதான், அதை மட்டும் நம்ப முடியாது.

பாபநாசம் பக்கம்:
தகடு நல்ல யோசனை. பழைய கல்லில் கழுந்து உட்கார ஒரு குழி இருக்குமே, அதையும் கவனியுங்கள், தண்ணீர் தங்கும் கிண்ணம் அதுதான். பழைய கல்லையே வைப்பதானால் குழியிலிருந்து வெளிப்பக்கமாக விரல் கனத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லுங்கள், கல்தச்சருக்கு அரை நாள் வேலை. அடிவெட்டில் தார் பூசுவது மரம் நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும். பங்குனி, சித்திரையில் செய்தால் அதற்கு நேரம் கிடைக்கும், ஐப்பசி பிறந்துவிட்டால் முட்டோடு விட்டுவைத்துத் தையில் தொடருங்கள்.