யாஷிகா மேட் 124ஜி: தண்டட்டி தெளிவு, கண் மங்கல்

கேட்டவர்: தாழ்வாரம்
மாமா வீட்டுப் பரணில் கிடந்த யாஷிகா, மேலும் கீழும் இரண்டு லென்ஸ் உள்ள பழைய ஃபிலிம் கேமரா, இப்போது என் கையில். சிவகங்கைப் பக்கம் எங்கள் வீட்டில், காலை வெளிச்சத்தில் அப்பத்தாவைத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் ஒரு ரோல் எடுத்தேன். பின்னால் இருக்கும் குதிர் மங்கட்டும் என்று லென்ஸ் துளையை 3.5-க்கு முழுசாகத் திறந்து, ஷட்டர் 1/250 நொடியில், ஒரு மீட்டர் தூரத்தில் நின்றேன். 12 படத்தில் ஒன்பதில் காதுத் தண்டட்டியின் கீறல்கூடத் தெரிகிறது, கண் மங்கலாக இருக்கிறது. வெள்ளைச் சேலை நன்றாக விழுந்திருக்கிறது, முகம் கரிக்கட்டி. கேமராவின் ஒளி மீட்டர் ஊசி காட்டியபடிதான் வைத்தேன். கேமரா கோளாறா?

பழைய நெகட்டிவ்:
80 எம்எம் லென்ஸ், 3.5, ஒரு மீட்டர் என்றால் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர்தான். நீங்கள் ஃபோகஸ் செய்தபிறகு அப்பத்தா முன்னால் சாய்ந்தாரா? தூணில் முதுகைச் சாய்த்து உட்காரவையுங்கள், துளையைச் சுருக்கி 5.6 வையுங்கள். மேல் மூடிக்குள் இருக்கும் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கண்ணிமையைப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் ஃபிலிம் ஓடும் இடத்தில் ட்ரேசிங் பேப்பரை ஒட்டி, ஷட்டரை பி-யில் (அழுத்தும்வரை திறந்தே இருக்கும்) வைத்துத் திறந்து, மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒரே இடத்தில் ஃபோகஸ் ஆகின்றனவா என்று பாருங்கள்.

மெர்க்குரி:
முகம் கறுத்ததற்கு இரண்டு காரணம். அந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. அது இப்போது கிடையாது. கடையில் 1.5 வோல்ட் வாங்கிப் போட்டிருப்பீர்கள், இல்லாத வெளிச்சத்தை இருப்பதாக ஊசி காட்டும். போதாததற்கு வெள்ளைச் சேலை வேறு அதை ஏமாற்றியிருக்கும். போனில் ஒளி மீட்டர் ஆப் போட்டு முகத்தருகே பிடித்து அளந்து பாருங்கள்.

தாழ்வாரம்:
சாய்ந்தார்தான்! கேமராவுக்குள் நான் குனிந்ததும் "என்னடா தேடுற?" என்று ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்தார். ட்ரேசிங் பேப்பர் சோதனையில் குறை இல்லை. போன் மீட்டர் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) வெளிச்சம் கூடுதலாகக் கேட்டது. கேமரா வார் கழுத்தை இறுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு 5.6, 1/30. இதில் படம் எடுக்கும்போது தூக்கியடிக்கும் கண்ணாடி கிடையாது, அதனால் ஆடவில்லை. இரண்டாவது ரோலில் இமை மயிரை எண்ணலாம்.

அப்பத்தாவோ முதல் ரோல் படத்தைத்தான் சட்டம் போடச் சொல்கிறார். அதில்தான் தண்டட்டி நன்றாக விழுந்திருக்கிறதாம்.