குடிநீர்க் குழாய் மாற்ற மானியம் இருந்தும் செலவிட முடியவில்லை. செயலரும் கூடுதல் பொறுப்பு. என்ன செய்யலாம்?

கேட்பவர்: கடைசித் தெரு

வணக்கம். தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய கிராம ஊராட்சியின் தலைவர் நான். 2021 அக்டோபர் தேர்தலில் பொறுப்புக்கு வந்தவள்.

எங்கள் கிழக்குக் குக்கிராமத்தில் ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய் கொடுத்துவிட்டார்கள். முன்வரிசை வீடுகளில் குடம் நிறைகிறது. கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் பழைய இரும்புக் குழாய்தான் காரணம். வெட்டியெடுத்த ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மூன்று அங்குலக் குழாய்க்குள் துரு அடை அடையாகப் படிந்து, கட்டைவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கிறது.

ஊராட்சி ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட்டுக் கொடுத்துவிட்டார். ஒன்றிய அரசு தரும் 15ஆவது நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கான தொகையும் இருப்பில் இருக்கிறது. ஆனால் ஊராட்சிக் கணக்கு மென்பொருளான இ-கிராம் சுவராஜில் அந்தப் பணிக்குப் பணம் கொடுக்கும் வவுச்சரே போட முடியவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்த்தவரின் பட்டியலும் நிற்கிறது. அவர் கடைக்கு எதிரே போகவே கூச்சமாக இருக்கிறது.

செயலர் பக்கத்து ஊராட்சிக்காரர், இங்கே கூடுதல் பொறுப்பு. கணினி தெரிந்த ஒரு பெண்ணை நிதிக்குழு மானியத்திலிருந்து மாதச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளலாமா?

இன்னொன்று. டெல்லியிலிருந்து கிராம ஊராட்சிகளுக்கென்று தனி நிதி 50 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் தொலைபேசியில் பேசினார். கோப்புத் தயாரிக்க முன்பணம் கேட்கிறார். இது உண்மையா?

பதில்: பழைய ஏடு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதற்குள் பணம் கட்டிவிடாதீர்கள். ஊராட்சிக்கு வரும் நிதி எதுவும் தரகர் வழியாக வருவதில்லை. அரசாணை எண் என்ன, மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி எப்படி வரும் என்று அந்த ஆளிடம் கேளுங்கள். மறுமுறை அழைக்க மாட்டார். நான் துணை வட்டார வளர்ச்சி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்படிப் பேசுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள், என்ன, அன்று பெட்டியோடு நேரில் வருவார்கள்.

பதில்: திரைக்கு முன்னால்

நான் ஒன்றிய அலுவலகத்தில் கணினி இயக்குபவர். அம்மா, "போட முடியவில்லை" என்பதில் பல வகை உண்டு. மூன்றைப் பார்த்துச் சொல்லுங்கள்.

மோட்டார் பட்டியல் எந்த நிலையில் நிற்கிறது? வவுச்சர் உருவாகிக் கையொப்பத்துக்குக் காத்திருக்கிறதா, அல்லது ஒன்றிய அரசின் பணப்பட்டுவாடாத் தளமான பி.எஃப்.எம்.எஸ். வரை போய்த் திரும்பியதா? திரும்பியிருந்தால் பணம் பெறுபவரின் வங்கிக் கணக்கைப் பாருங்கள். வங்கிகள் இணைந்தபோது ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் மாறின; பழைய எண்ணிலேயே பதிவாகியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முந்தைய மாதக் கணக்கு மூடப்பட்டிருக்கிறதா? குழாய்ப் பணி, பதிவேற்றிய கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்த இனத்தில், அதாவது எந்த நிதித் தலைப்பில், இருக்கிறது?

கடைசித் தெரு

செயலர் இன்று வந்தார், உட்கார வைத்துப் பார்த்தோம். மாதக் கணக்கு மூடியிருக்கிறது. மோட்டார் வவுச்சரில் என் கையொப்பம் முடிந்து, துணைத் தலைவர் கையொப்பத்தில் நிற்கிறது. அவருடைய டிஜிட்டல் கையொப்ப டோக்கனைச் செருகினால் சான்றிதழ் காலாவதி என்று வருகிறது.

குழாய்ப் பணி திட்டத்தில் இருக்கிறது. ஆனால் "வரையறுக்கப்படாத மானியம்" என்ற இனத்தில் இருக்கிறது. அதில் இருப்பு மிகவும் குறைவு, போன ஆண்டு சாலைக்குப் போய்விட்டது. பணம் கிடப்பதோ வரையறுக்கப்பட்ட மானியத்தில், அதாவது குடிநீர், சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கியதில்.

பதில்: திரைக்கு முன்னால்

அப்படியென்றால் இரண்டும் வெவ்வேறு பூட்டு. டோக்கன் எளிது. டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழைப் புதுப்பித்து, இ-கிராம் சுவராஜில் மீண்டும் பதிவு செய்து, ஒன்றியத்தில் ஒப்புதல் வாங்கினால் போதும். பதிவு செய்யாமல் புதிய டோக்கனைச் செருகிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருபவர்கள்தான் அதிகம்.

பதில்: வைப்பாற்று மணல்

துணைத் தலைவர் வேண்டுமென்றே புதுப்பிக்காமல் இருக்கிறாரோ? எங்கள் பக்கம் அதுதான் நடந்தது.

கடைசித் தெரு

இல்லை ஐயா, அவர் நல்ல மனிதர். காலாவதியானது அவருக்கே தெரியாது.

பதில்: பழைய ஏடு

நல்லது. மற்றவர்களுக்காக ஒரு வரி: கையொப்பமிட மறுத்து ஊராட்சியை முடக்கினால், தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 203இன் கீழ் ஆட்சியர் தலையிட்டு அந்த அதிகாரத்தை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் ஒப்படைக்க முடியும். ஆனால் அது இருவருக்கும் நட்டம். கையொப்ப உரிமை ஒருமுறை கையை விட்டுப் போனால் திரும்பி வரும் வேகம் உங்களுக்குப் பிடிக்காது.

இப்போது குழாய். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் வரையறுக்கப்பட்டது, 40 சதவீதம் வரையறுக்கப்படாதது. அந்த 60இல் பாதி, அதாவது மொத்தத்தில் 30 சதவீதம், குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மற்ற 30 சுகாதாரத்துக்கும் திறந்தவெளி மலம் கழித்தலற்ற நிலையைக் காப்பதற்கும். உங்கள் குழாய் முதல் முப்பதில் சேர வேண்டிய பணி. திட்டம் பதிவேற்றிய அன்று யாரோ கீழிறங்கு பட்டியலில் கண்ணில் பட்ட முதல் இனத்தைச் சொடுக்கியிருக்கிறார்கள். வங்கியில் எவ்வளவு இருந்தாலும் மென்பொருள் அந்த ஒரு சொடுக்கைத்தான் பார்க்கும்.

ஏற்கெனவே பதிவேற்றிய திட்டத்தை மாற்றத் துணைத் திட்டம் ஒன்று போடுங்கள். மென்பொருளில் அதற்கு இடம் இருக்கிறது. கிராம சபையில் பொருளாக வைத்து, எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெரு வரை, எத்தனை மீட்டர், மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, "15ஆவது நிதிக்குழு வரையறுக்கப்பட்ட மானியம் – குடிநீர்" என்று நிதி இனத்தையும் சேர்த்துத் தீர்மானம் எழுதுங்கள். "குடிநீர்ப் பணிகள் மேற்கொள்ள ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினால் தணிக்கையில் அந்த வரி எதற்கும் உதவாது. பழைய இனத்தில் இருக்கும் பணியை நீக்க மறக்காதீர்கள். ஒரே குழாய் இரண்டு இடத்தில் நின்றால் பின்னால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பதில்: வைப்பாற்று மணல்

சுகாதாரத்துக்கான முப்பதையும் குடிநீருக்குத் திருப்பிக்கொள்ளலாமே? அப்படிச் செய்யலாம் என்று படித்திருக்கிறேன்.

பதில்: பழைய ஏடு

பாதிதான் சரி. ஒரு வகைத் தேவை முழுமையாக நிறைவேறிய ஊராட்சிதான் அந்தத் தொகையை மற்றதற்குப் பயன்படுத்தலாம். கிராம சபை அதை உறுதி செய்ய வேண்டும், மேற்பார்வை அதிகாரி சான்றளிக்க வேண்டும். குப்பையை ஓடைக்கரையில் கொட்டிக்கொண்டே "சுகாதாரம் நிறைவு" என்று தீர்மானம் போட்ட ஊரை எனக்குத் தெரியும்.

பதில்: வைகை வடகரை

பணம் எந்த இனத்தில் கிடக்கிறது என்று தேடும் நிலையாவது உங்களுக்கு இருக்கிறது, தலைவர் அவர்களே. எங்கள் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதில் தனி அலுவலர் நிர்வாகம். தேர்தல் வழியாக அமைந்த ஊராட்சிக்குத்தான் ஒன்றிய அரசு நிதிக்குழு மானியத்தை விடுவிக்கும் என்பதால், தென்காசி, திருநெல்வேலி உட்பட 2021இல் தேர்தல் நடந்த 9 மாவட்டங்கள்தான் தப்பின. நான் முன்னாள் வார்டு உறுப்பினர். எங்கள் ஊர்க் குழாய்க்கும் துரு பிடிக்கிறது, அது தேர்தல் அறிவிப்புக்குக் காத்திருப்பதில்லை.

பதில்: திரைக்கு முன்னால்

உங்களுக்கும் காலம் அதிகம் இல்லை, அம்மா. 15ஆவது நிதிக்குழுவின் காலம் 2025-26 வரைதான், அடுத்தது 16ஆவது. உங்கள் பதவிக்காலமும் 2026 அக்டோபரில் முடியும். தணிக்கைக் கணக்குகளை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களா என்றும் செயலரிடம் கேட்டுவிடுங்கள். 2023-24 முதல் அது எல்லா உள்ளாட்சிகளுக்கும் கட்டாயம். அது இல்லாத ஊராட்சி அடுத்த தவணைக்குத் தகுதி பெறாது.

பதில்: ஊராட்சி மணி

சம்பளக் கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் செயலராக இருக்கிறேன், நானும் இரண்டு ஊராட்சி பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கூடாது. வரையறுக்கப்படாத 40 சதவீதத்தை அரசமைப்பின் 11ஆவது அட்டவணையில் உள்ள 29 துறைகளில் எதற்கும் செலவிடலாம், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் மட்டும் முடியாது. அந்தப் பெண்ணுக்கு அதிலிருந்து கொடுத்தால் தணிக்கைத் தடை உங்கள் பெயரில் வரும், அவருக்கும் பணி உரிமை எதுவும் வராது. ஊராட்சிப் பொதுநிதியிலிருந்து கொடுப்பதானாலும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காலிப் பணியிடத்தைப் பற்றி: ஊரக வளர்ச்சித் துறை 2025 அக்டோபரில் மாநிலம் முழுவதும் ஊராட்சி செயலர் பணியிடங்களுக்கு இணையவழியில் விண்ணப்பம் கோரியது. கல்வித்தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. உங்கள் ஊராட்சி அந்தக் காலிப் பட்டியலில் இடம்பெற்றதா என்று ஒன்றியத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஏன் என்று மனுவாகக் கேளுங்கள், வாய்மொழியாகக் கேட்டதற்குக் கோப்பு எண் கிடையாது. கணினி தெரிந்த பெண்ணிடம் அடுத்த அறிவிப்புக்குத் துறையின் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். இதற்கும் "வாங்கித் தருகிறேன்" என்று ஆட்கள் வருவார்கள்.

தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் பயிற்சி உண்டு. ராஷ்டிரிய கிராம் ஸ்வராஜ் அபியான் என்ற ஒன்றிய அரசுத் திட்டம் முக்கியமாக அதற்காகத்தான். மறைமலை நகர் மாநில நிறுவனம் வரை போகத் தேவையில்லை, தே. கல்லுப்பட்டியிலேயே மண்டல மையம் இருக்கிறது. திரையில் எதை யார் சொடுக்குகிறார்கள் என்று தலைவருக்கே தெரிந்தால் பாதித் தொல்லை வராது.

பதில்: முள்வேலி

இவ்வளவு பாடு எதற்கு? வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் ஒழுங்காக வசூலித்தால் ஊராட்சி யாரிடமும் கையேந்த வேண்டாம்.

கடைசித் தெரு

வரி வசூல் எங்களிடம் மோசமில்லை ஐயா. ஆனால் தண்ணீர் வராத தெருவில் போய்க் குடிநீர்க் கட்டணம் கேட்கச் சொல்கிறீர்களா? ஒரு முறை நீங்களும் உடன் வாருங்கள்.

பதில்: பழைய ஏடு

முள்வேலி சொல்வது நீண்ட காலத்துக்குச் சரி. தலைவர் சொல்வது இந்தக் கோடைக்குச் சரி.

மானியம் போதாமல் போனால் வேறு கதவுகளும் உண்டு. நிதிக்குழு மானியத்தில் ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் தனிப் பங்கு உண்டு. உங்கள் ஒன்றியக் கவுன்சிலரைப் பிடித்து, தொட்டிப் பழுதை ஒன்றியத்தின் குடிநீர்ப் பங்கில் சேர்க்கச் சொல்லுங்கள். இதைப் பல தலைவர்கள் கேட்பதே இல்லை. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. வெறும் கோரிக்கைக் கடிதமாக இல்லாமல் மதிப்பீட்டையும் இணைத்துக் கொடுத்தால் உங்கள் மனு மேலே வரும்.

நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் தர வேண்டும். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு அது நல்ல வழி. பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகம் போன்றவற்றுக்கு உற்சாகமாகக் கொடுப்பார்கள். கடைசித் தெருவின் குழாய்க்கு முதல் தெருக்காரர் கொடுப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்தில் பெரிய நிறுவனத்தின் காற்றாலையோ ஆலையோ இருந்தால், கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி அதற்குச் சமூகப் பொறுப்பு நிதி இருக்கலாம். ஆட்சியர் அலுவலகம் வழியாகவே கேளுங்கள், நேரடியாகப் பணம் வாங்காதீர்கள்.

கடைசித் தெரு

அனைவருக்கும் நன்றி. துணைத் தலைவரின் சான்றிதழ் புதுப்பித்து, ஒன்றியத்தில் ஒப்புதலும் வாங்கிவிட்டோம். மோட்டார்க்காரருக்குப் பணம் போய்விட்டது. கிராம சபையில் துணைத் திட்டத் தீர்மானம் நிறைவேறியது. மீட்டர் கணக்கை நான் வாசித்தபோது கடைசித் தெருப் பெண்கள் ஒரு வீடு விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள், அங்கேயே திருத்தினோம். பணி சரியான இனத்தில் ஏறிவிட்டது. செயலர் பணியிடம் குறித்து மனு கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறேன், பதில் இல்லை. டெல்லி நிதிக்காரரிடம் அரசாணை எண் கேட்டேன். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார்.

ஒப்பந்ததாரர் திங்கட்கிழமை தோண்டலாம் என்கிறார். இனி ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: திரைக்கு முன்னால்

தோண்டும் முன் அந்த இடத்தை எம்-ஆக்‌ஷன்சாஃப்ட் செயலியில் புவிக்குறியீட்டோடு படம் எடுங்கள். பிறகு பணி நடக்கும்போது ஒன்று, முடிந்ததும் ஒன்று. குழி மூடிய பிறகு "முன்" படம் எடுக்க வழியில்லை. ஞாயிறு மாலையே செயலரை வரச் சொல்லிவிடுங்கள், திங்கள் அவர் பக்கத்து ஊராட்சியில் இருப்பார்.