பழைய அம்பாசிடருக்கு சாலிட் வெள்ளையா, சில்வர் மெட்டாலிக்கா?

தண்டையார்பேட்டை தம்பி:
அப்பா ஓட்டிய 1991 அம்பாசிடர். டிங்கரிங் முடிந்து, கதவின் அடியில் பள்ளம் நிரப்பப் பட்டி போட்டு நிற்கிறது. இனியும் தெருவில்தான் நிற்கும். பழையபடி சாலிட் வெள்ளை (மினுக்கும் துகள் இல்லாத, மேலே கிளியர் போடாத நிறம்) அடிப்பதா, சில்வர் மெட்டாலிக் அடித்து மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போடுவதா?

காசிமேட்டுக்காரன்:
வெள்ளையே அடியுங்கள் தம்பி. தெருவில் நிற்கும் வண்டிக்குக் கீறல் விழாமல் போகாது. பி.யு. (பாலியூரித்தேன்) வெள்ளையில் அந்த இடத்தை மட்டும் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, அடித்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றினால் தெரியாது. மெட்டாலிக்கில் அலுமினியத் துகள் படுக்கிற விதம் ஸ்ப்ரே கன்னின் காற்றுக்கும் கைத் தூரத்துக்கும் ஏற்ப மாறும். அதே டப்பா பெயிண்டை அடித்தாலும், நேரே பார்த்தால் சரியாக இருக்கும். பக்கவாட்டில் நின்றால் திட்டுத் திட்டாகத் தெரியும். ஒரு கீறலுக்கு முழுக் கதவையும் அடிக்க வேண்டிவரும்.

மணலி ரோடு:
நான் ஏற்கமாட்டேன் அண்ணா. இங்கே உப்புக்காற்று, கன்டெய்னர் லாரிப் புழுதி, வெயில் எல்லாம் சாலிட் பெயிண்டில் நேராக நிறத்தின் மேலேயே விழும். என் சிவப்பு மாருதி 800-இன் கூரை மூன்றே கோடையில் வெளிறிவிட்டது. துடைத்தால் துணி சிவந்தது. கிளியர் இருந்திருந்தால் வெயிலின் அடியை அது வாங்கியிருக்கும்.

காசிமேட்டுக்காரன்:
சிவப்பு சீக்கிரம் வெளிறும், அதை வைத்து வெள்ளையை எடை போடாதீர்கள். துணி சிவந்ததென்றால் அடியில் இன்னும் நிறம் இருக்கிறது, பாலிஷில் மீட்கலாம். கிளியர் உரிந்தால் என்ன செய்வீர்கள்? என் மச்சான் வண்டியின் பானெட்டை நகத்தால் நெருடினாலே செதில் செதிலாக வந்தது. சுரண்டிவிட்டு மறுபடி அடித்தார்கள்.

மணலி ரோடு:
மலிவான கிளியரை மெல்லிசாக அடித்தால் உரியத்தான் செய்யும். சரி, மெட்டாலிக்கை விடுங்கள். வெள்ளை பேஸ் கோட் (கிளியருக்கு அடியில் வரும் நிறப் பூச்சு) மேலேயே நல்ல கிளியர் இரண்டு கோட் போடலாமே? காசு கூடும், ஆனால் பளபளப்பு நிற்கும்.

வாட்டர் பேப்பர்:
தம்பி, சில்வர் அடித்தால் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்ற வேண்டும். அதைவிட அவசரம், பட்டி ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழைக்கு முன் பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) ஏறட்டும். கதவடியில் தண்ணீர் வடியும் துளைகளைப் பட்டி அடைத்திருக்கிறதா பாருங்கள். உள்ளே தண்ணீர் தேங்கினால் துரு உள்ளிருந்தே வரும்.

தண்டையார்பேட்டை தம்பி:
பார்த்தேன் அண்ணா. டிரைவர் பக்கக் கதவில் இரண்டு துளையும் அடைந்திருந்தன. கம்பியால் குத்தித் திறந்ததும், பட்டியைத் தேய்த்தபோது உள்ளே இறங்கிய தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்குக் கொட்டியது. கதவு காய்ந்ததும் பிரைமர், அப்புறம் சாலிட் வெள்ளை.

மணலி ரோடு:
கூரைக்கு மட்டுமாவது கிளியர் போடுங்கள் தம்பி.