மே கடைசி வெயில்ல பாளையங்கோட்டைக்கு பொக்கே: எந்தப் பூ தாங்கும், கடையில எப்படிச் சொல்லணும்?

வண்ணாரப்பேட்டை_மக எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரியம்மா மக அக்கா பாளையங்கோட்டையில அரசு அலுவலகத்துல வேலை பாக்காங்க. மே 31 பணி ஓய்வு. சாயங்காலம் 4 மணிக்கு ஆபீஸ்லயே பாராட்டு விழா. நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், அன்னைக்கு வர முடியாது. மேடையில அவங்க கையில கொடுக்க நல்ல பொக்கே ஒண்ணு போய்ச் சேரணும். 1500 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

வெப்சைட்ல போடுறதா, நேரா உள்ளூர்க் கடையில சொல்றதா? அந்த வெயிலுக்கு எந்தப் பூ வாடாம நிக்கும்? அதே வாரத்துல கல்லிடைக்குறிச்சியில அத்தைக்கு எழுபத்தஞ்சாவது பிறந்தநாள். அங்கயும் ஒண்ணு அனுப்பணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செண்டு_கட்டுறவன் எழுதியது:

தங்கச்சி, வெளியூர் வெப்சைட்ல பணம் கட்டினாலும் கடைசியில பூ கட்டுறது திருநெல்வேலி ஜங்ஷன்லயோ பாளையிலயோ இருக்கிற ஒரு கடைதான். நடுவுல இருக்கிறவங்க கமிஷனைக் கழிச்சுட்டுத்தான் கடைக்கு ஆர்டர் வரும். கழிஞ்ச காசு பூவுலதான் குறையும், இலை அதிகமாயிடும். அதனால நேரா கடைக்குப் போன் போடுங்க.

போன்ல "பெரிய பொக்கே"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அகலமா பேப்பர் சுத்தினா பத்துப் பூவும் பெருசாத்தான் தெரியும். எந்தப் பூ எத்தனை தண்டுன்னு எண்ணிச் சொல்லுங்க. மேடையில கையில கொடுக்கிற செண்டுக்கு 18-ல இருந்து 25 தண்டு போதும். அதுக்கு மேல போனா வாங்குறவங்க கை வலிக்கும்.

அடுத்தது, சரக்கு என்னைக்கு இறங்கும்னு கேளுங்க. இங்க பொக்கேக்கு வர்ற ரோஜாவும் ஜெர்பராவும் பெரும்பாலும் ஓசூர்ப் பக்கத்துப் பூ. கார்னேஷன், லில்லியெல்லாம் நீலகிரி மாதிரி மலையில விளையிறது. ராத்திரி வண்டியில ஏறி காலையில இறங்கும். ரோஜா 20 தண்டு ஒரு கட்டு, ஜெர்பரா 10. எல்லாக் கடையிலயும் தினமும் சரக்கு எடுக்க மாட்டாங்க. 31-ம் தேதி கட்டுற பூ 30-ம் தேதியோ 31 காலையிலயோ இறங்கினதா இருக்கணும்.

ரோஜா புதுசான்னு பாக்க ஒரு வழி இருக்கு. மொக்கு காம்போட சேருற அடிப்பாகத்தை ரெண்டு விரலால லேசா அமுக்கணும். கெட்டியா இருந்தா புதுப்பூ. பஞ்சு மாதிரி அமுங்கினா பழசு, அது ராத்திரிக்குள்ள உதிரும். வெளி இதழ் ஒண்ணு ரெண்டு பச்சை கலந்து, ஓரம் கருத்து இருந்தா பழசுன்னு நினைக்க வேண்டாம். அது காவல் இதழ், வழியில அடிபடாம மொக்கைக் காப்பாத்துறது. கட்டும்போது உரிச்சுடுவோம். உரிச்சு உரிச்சு மொக்கு ஒல்லிக்குச்சியா ஆயிருந்தா மட்டும் சந்தேகப்படணும். தண்டோட அடியையும் பாருங்க. கருத்து வழவழன்னு இருந்தா பல நாள் ஒரே தண்ணியில நின்ன பூ.

கத்திரி 28-ம் தேதியோட முடியும், ஆனா 31-ம் தேதி 3 மணி வெயில் பாளையில கொஞ்சமும் குறைஞ்சிருக்காது. அந்த வெயிலுக்கு என் வரிசை: முதல்ல ஆந்தூரியமும் ஆர்க்கிட்டும், அடுத்து பொக்கே சாமந்தி, அப்புறம் கார்னேஷன். ரோஜா அதுக்கும் பின்னாலதான். ஜெர்பரா கடைசி. ஜெர்பராத் தண்டு உள்ள கூடு, தலை கனம், தண்ணி கொஞ்சம் குறைஞ்சாலும் கழுத்து மடிஞ்சிடும். கம்பி சுத்தி நிமித்தி வைப்பாங்க, அது பார்வைக்குத்தான். நடுவுல நிரப்புறதுக்கு ஜிப்சிங்கிற பொடி வெள்ளைப் பூ வேண்டாம், சூட்டுல சீக்கிரம் சுருங்கும். கோல்டன் ராட்ங்கிற மஞ்சப் பொடிப்பூ நல்லா தாங்கும்.

ஆந்தூரியத்தையும் ஆர்க்கிட்டையும் ரோஜா கூட கூலர்ல வைக்கக் கூடாது. ரெண்டும் சூடான ஊர்ப் பூ, குளிர் பட்டா இதழ் கருக்கும். ரோஜா 2 முதல் 5 டிகிரியில நல்லா இருக்கும், ஆந்தூரியத்துக்கு 13 டிகிரிக்குக் கீழ போகக் கூடாது. ரெண்டையும் சேத்துக் கட்டணும்னா கடைசி நேரத்துல கட்டச் சொல்லுங்க.

கட்டுறதுலயும் கவனிக்கணும். தண்டு எல்லாம் ஒரே பக்கமா சாய்ச்சு, சுத்திச் சுத்தி அடுக்கிக் கட்டணும். தாறுமாறா குத்திக் கட்டினா நடுவுல இருக்கிற தண்டு நசுங்கி, அந்தப் பூ மட்டும் முதல்ல தொங்கும். அடியில ஈரப் பஞ்சு, அதுக்கு மேல பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்ட். இதைச் செய்யாத கடையும் உண்டு, அதனால கேட்டே வாங்குங்க. வெளிச்சுத்துக்குத் துணி மாதிரியான நான்-வோவன் பேப்பர் நல்லது. கண்ணாடிப் பேப்பரால மேலயும் மூடினா உள்ள வேர்த்து, இதழ்ல பழுப்புப் புள்ளி விழும். கூலர்ல இருந்து எடுத்த உடனே வெயில்ல கொண்டு போனாலும் அதேதான். அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து நிழல்ல வச்சுக் கிளப்பணும்.

இன்னொண்ணு. மே கடைசின்னா வைகாசி முகூர்த்தம் ஓடுற நேரம். பக்கத்துல முகூர்த்தம் இருந்தா கடைப் பையங்க ராத்திரி முழுக்க மண்டபத்துல மேடை ஜோடனையில நிப்பாங்க. மூணு நாள் முன்னாடியே சொல்லி, பாதி முன்பணம் போட்டு வச்சிருங்க.

ரதவீதி_பைக் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. பூ எவ்வளவு நல்லதா இருந்தாலும் வழியில கெடுக்கலாம், அதைப் பத்திச் சொல்றேன்.

பைக்ல கையில பிடிச்சுக் கொண்டு போனா காத்து அடிச்சே ரோஜா ஓரம் காஞ்சிடும். அட்டைப்பெட்டியில படுக்க வைக்காம நிறுத்தி வைக்கணும், பெட்டி பெட்ரோல் டேங்க் மேல உக்காரக் கூடாது. ஆட்டோன்னா நிம்மதி. கார்னா டிக்கியில போடாதீங்க, நின்ன வண்டி டிக்கி அடுப்பு மாதிரி.

பாளைக்குப் போறதை பாளைக் கடையிலயே சொல்லுங்க. டவுன்ல இருந்து வந்தா ஈரடுக்குப் பாலம், அப்புறம் ஆத்தைத் தாண்ட சுலோச்சனா முதலியார் பாலம். 1843-ல கட்டி முடிச்ச பாலம் அது, இன்னைக்கும் நெல்லைக்கும் பாளைக்கும் நடுவுல வண்டி அதுல ஓடுது. நெரிசல்ல மாட்டினா எவ்வளவு நேரம்னு சொல்ல முடியாது. இனிமே ஆனி மாசத்துல டவுனுக்கே அனுப்புறதா இருந்தா நெல்லையப்பர் தேரோட்ட நாளைப் பாத்துக்கோங்க, அன்னைக்கு நாலு ரதவீதிக்குள்ள வண்டி நுழையாது.

முகவரியில ஆபீஸ் பேர் மட்டும் போதாது. எந்த மாடி, எந்தப் பிரிவு, வாசல்ல யார் வாங்குவாங்கன்னு எழுதுங்க. அக்கா நம்பரைக் கொடுக்காதீங்க, விழா நேரத்துல எடுக்கவும் மாட்டாங்க, ரகசியமும் போயிடும். விழா ஏற்பாடு பண்ற சக ஊழியர் ரெண்டு பேர் நம்பர் கொடுங்க. கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி போட்டோ வேண்டாம், சின்ன வீடியோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க. சுத்திக் காட்டினாத்தான் பின்பக்கம் வெறும் இலையா இருக்கிறது தெரியும். மிச்சப் பணம் அதுக்கப்புறம்.

வண்ணாரப்பேட்டை_மக எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி தம்பி. கூடை மாதிரி வச்சா மேசையில நிக்குமே, அது நல்லதா, கைச்செண்டு நல்லதா? வீட்டுக்குப் போன பிறகு எத்தனை நாள் வரும்?

பூச்சட்டி எழுதியது:

மேடையில கொடுக்கிறதுக்குக் கைச்செண்டுதான் சரி. கூடை வீட்டுக்கு நேரா அனுப்புற பிறந்தநாளுக்கு நல்லது, ஏன்னா அடியில இருக்கிற பச்சை ஃபோம் தண்ணி பிடிச்சு வச்சிருக்கும். ஆனா அந்த ஃபோம் ஒழுங்கா நனைஞ்சிருக்கணும். தண்ணித் தொட்டியில மிதக்க விட்டா தானே குடிச்சு தானே அமுங்கும். அவசரத்துல கையால அமுக்கினா வெளிப்பக்கம் நனைஞ்சு நடுவுல காத்து நின்னுடும், அந்தக் காத்துக்குள்ள குத்தின தண்டுக்குச் சொட்டுத் தண்ணி கிடைக்காது. ஒரே கூடையில நாலு பூ வாடி மிச்சம் நல்லா நிக்குதுன்னா பெரும்பாலும் காரணம் இதுதான். குத்தின தண்டை உருவி அதே ஓட்டையில திருப்பிக் குத்தினாலும் அடியில காத்து நிக்கும். ஒரு தடவை காஞ்ச ஃபோம் திரும்ப நல்லா நனையாது, அதனால வீட்டுல தினமும் ஒரு டம்ளர் தண்ணி விடணும்.

கைச்செண்டு வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதை அக்காவுக்கு ஒரு மெசேஜா அனுப்பிடுங்க. உறையைப் பிரிச்சு, தண்டோட அடியைத் தண்ணிக்குள்ள வச்சே 2 செ.மீ. சாய்வா வெட்டணும். வெளிய வச்சு வெட்டினா தண்டுக்குள்ள காத்து ஏறி அடைச்சிடும், ரோஜா கழுத்து தொங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். தண்ணிக்குள்ள முங்குற இலை எல்லாத்தையும் கிள்ளிடணும், அழுகும். ஜெர்பரா இருந்தா ரெண்டு அங்குலத் தண்ணி போதும், தண்டு ஆழத்துல நின்னா அழுகிடும். லில்லி விரிஞ்ச உடனே நடுவுல இருக்கிற மகரந்தப் பையைக் கிள்ளிடுங்க. பட்டுச் சேலையில பட்டா அந்தக் கறை போகாது. பட்டுட்டா தண்ணி போட்டுத் தேய்க்காம, காஞ்ச பிறகு டேப் ஒட்டி எடுக்கணும்.

தண்ணிக்கு: 1 லிட்டர் நல்ல தண்ணி, 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 1 மேசைக்கரண்டி சீனி, எல்லாம் கரைஞ்ச பிறகு கால் டீஸ்பூன் திரவ பிளீச் (பவுடர் இல்ல). எலுமிச்சையையும் பிளீச்சையும் தண்ணி இல்லாம நேரா சேக்கவே கூடாது, விஷ வாயு வரும். வெறும் சீனி மட்டும் போடுறவங்க உண்டு, அது கெடுதல். கிருமி பெருகித் தண்டு வாயை அடைக்கும். போர் உப்புத்தண்ணியும் வேண்டாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணியை மாத்தி, தண்டைக் கொஞ்சம் வெட்டி விட்டா சாமந்தியும் கார்னேஷனும் ஒரு வாரம் தாண்டும், ரோஜா நாலஞ்சு நாள்.

மே மாசம்னா நம்ம வீட்டு மேசையில மாம்பழம் இருக்கும். பக்கத்துல பூவை வைக்காதீங்க. பழுக்கிற மாம்பழமும் ஏத்தம்பழமும் எத்திலீன் வாயு விடும், அது பட்டா கார்னேஷன் ஒரு நாள்ல இதழைச் சுருட்டித் தூங்கிப் போயிடும். வீட்டு ஃப்ரிட்ஜ்ல பழம் இருந்தா அங்கயும் இதே கதிதான்.

தலை தொங்கின ரோஜாவைத் தூக்கிப் போட வேண்டாம். கழுத்து நேரா நிக்கிற மாதிரி செய்தித்தாள்ல இறுக்கிச் சுத்தி, தண்டைத் திரும்ப வெட்டி, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணியில ஆழமா ரெண்டு மணி நேரம் நிறுத்துங்க. புதுப்பூவா இருந்தா நிமிரும்.

அம்பை_ஆத்தங்கரை எழுதியது:

கல்லிடைக்கு நெல்லையில இருந்து கார் வச்சுக் கொண்டு வரச் சொன்னா வண்டிக்கூலி பூ விலையைத் தின்னுடும், வழியில ஒரு மணி நேரச் சூடு வேற. அம்பாசமுத்திரம் ஆத்துக்கு இந்தப் பக்கம், கல்லிடை அந்தப் பக்கம். அம்பைக் கடையில சொல்லிடுங்க மதினி.

ஆனா எங்க பக்கத்துப் பூக்கடையில மாலை கட்டுற கைதான் அதிகம், மலைப்பூ தினமும் இருக்காது. ரோஜாவும் லில்லியும்தான் வேணும்னு நிக்காம சம்பங்கிச் செண்டு சொல்லிப் பாருங்க. தோவாளை, சங்கரன்கோவில் சந்தைப் பூ இந்தச் சீமை முழுக்க வருது, அதனால சரக்கு புதுசா கிடைக்கும். சம்பங்கி அடியில இருந்து மேல பூக்கும். தண்டோட அடியில ரெண்டு மூணு மட்டும் விரிஞ்சு, மேல எல்லாம் மொட்டா இருக்கிறதை எடுக்கச் சொல்லுங்க. 15 தண்டு சம்பங்கி, நடுவுல 5 மஞ்சச் சாமந்தி, சுத்தி மரிக்கொழுந்து. பொழுது சாய்ஞ்சா வீடு முழுக்க மணக்கும். வயசானவங்களுக்கு வாசம் இல்லாத பூவை விட இது மனசுக்குப் பிடிக்கும்னு நினைக்கேன். அத்தைக்கு மூச்சுத் தொந்தரவு இருந்தா மட்டும் வேண்டாம். ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கும் சம்பங்கியும் லில்லியும் அனுப்பக் கூடாது.

போன்ல என்ன விசேஷம்னு முதல்லயே சொல்லிடுங்க. "வெள்ளைப் பூ, வட்டமா"ன்னு மட்டும் சொன்னா மலர் வளையம்னு எடுத்துக்கிட்டா பெரிய சங்கடம். "பிறந்தநாளுக்குக் கையில கொடுக்கிற செண்டு"ன்னு சொல்லுங்க.

வண்ணாரப்பேட்டை_மக எழுதியது:

பாளைக் கடைக்கு இப்படி அனுப்பப் போறேன், பாத்துச் சொல்லுங்க:

"மே 31, பணி ஓய்வு விழா. கைச்செண்டு ஒண்ணு. இளஞ்சிவப்பு கார்னேஷன் 8, மஞ்சப் பொக்கே சாமந்தி 6, ஊதா ஆர்க்கிட் 4, கோல்டன் ராட் 3, சுத்தி அரேகா இலை. பிளாஸ்டிக் பூ, மினுக்குத்தூள் வேண்டாம். அடியில ஈரப் பஞ்சு, நான்-வோவன் சுத்து, மேல திறந்திருக்கணும். ஏதாவது பூ இல்லேன்னா எனக்குப் போன் பண்ணிக் கேட்டு மாத்தணும். 4 மணிக்கு ஆபீஸ்ல கொடுக்கணும். கிளம்பும் முன் வீடியோ."

செண்டு_கட்டுறவன் எழுதியது:

பூக்கணக்கு சரி தங்கச்சி, 21 தண்டு, கைக்கு அடக்கமா இருக்கும். நாலு திருத்தம். "4 மணிக்கு"ன்னு போடாதீங்க, விழா ஆரம்பிக்கிற நேரத்துக்குப் பையன் கீழ வாசல்ல நிப்பான். "3:15-க்கும் 3:30-க்கும் நடுவுல"ன்னு எழுதுங்க. வாங்குறவங்க ஃபேனுக்கு நேரா வைக்காம நிழல்ல நிறுத்தி வைக்கணும்னும் சேருங்க. "1 மணிக்கு மேல கட்டணும், ஆர்க்கிட்டைக் கூலர்ல வைக்கக் கூடாது"ன்னு ஒரு வரி போடுங்க. அப்புறம் வாழ்த்து அட்டையில என்ன எழுதணும்கிறதைப் போன்ல சொல்லாம தமிழ்ல டைப் பண்ணி அனுப்புங்க. ளகர ழகரம், இனிஷியல் எல்லாம் காதுல கேட்டு எழுதினா தப்பும். எழுதின அட்டையையும் அந்த வீடியோவுலயே காட்டச் சொல்லிடுங்க.