தறி வடிவங்களுக்கு எழுதிய புரோகிராமைக் கணித மென்பொருள் மாநாட்டுக்கு அனுப்பலாமா?

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் கேட்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் வாப்பாவின் கைத்தறி இரண்டு நிற்கிறது. ஒன்றில் இன்னும் சாரம் (லுங்கி) ஓடுகிறது. மற்றதில் உம்மா துணி காயப்போடுகிறா. நான் சம்மாந்துறையில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்தில் கணிதம் படித்து முடித்துவிட்டு, இப்போது ஏ/எல் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் ரியூசன் கொடுக்கிறேன்.

வாப்பாவிடம் கட்டம் போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. அதில் 112 வடிவங்கள். கறுப்பாக நிரப்பிய கட்டம் என்றால் அந்த இடத்தில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) மேலே, வெறுங்கட்டம் என்றால் ஊடு நூல் (குறுக்கே ஓடுவது) மேலே. சுனாமியில் கீழ்ப்பாதி நனைந்து சில பக்கங்கள் ஒட்டிப்போய்விட்டன. மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று 1, 0 ஆகத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். அப்போது வந்த கேள்வி இது: அழிந்த கட்டங்களை ஊகித்து நிரப்பினால், நெய்யும்போது அது ஒரே துணியாக வருமா, இல்லை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு படையாகப் பிரிந்துவிடுமா?

இதற்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. கணிதவியலாளர்கள் குரூன்பாம், ஷெப்பர்ட் இருவரும் துணிகளின் வடிவியலை எழுதிய அதே 1980இல், கிளாபம் என்பவர் கிடை வரிசைகளின் கூட்டுத்தொகையையும் நெடுக்கு வரிசைகளின் கூட்டுத்தொகையையும் வைத்தே சோதிக்கலாம் என்று காட்டிவிட்டார். நான் வேறு வழியில் போனேன். ஒவ்வொரு நூலும் ஒரு புள்ளி. இரண்டு நூல் வெட்டும் இடத்தில் மேலே போவதிலிருந்து கீழே போவதற்கு ஓர் அம்புக்குறி. எந்தப் புள்ளியிலிருந்தும் எந்தப் புள்ளிக்கும் அம்பு வழியே போக முடிந்தால் துணி பிரியாது. போக முடியாவிட்டால் பிரியும். 1972இல் வந்த டார்ஜனின் வழிமுறை இதை நொடியில் சொல்லிவிடும். பைத்தனில் 600 வரி, அவ்வளவுதான்.

இதை ஐசிஎம்எஸ் என்கிற சர்வதேசக் கணித மென்பொருள் மாநாட்டுக்கு அனுப்பலாமா? படிப்பித்த சேர் ஒருவரிடம் காட்டினேன், "இதில் புதுத் தேற்றம் எங்கே?" என்றார். கொழும்பில் மென்பொருள் கம்பனியில் இருக்கிற கூட்டாளியிடம் காட்டினேன், "இதில் மென்பொருள் எங்கே?" என்றாள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். அப்போ நான் எந்தப் பக்கம் போவது?

கல்லடிப் பாலம்

தங்கச்சி, 2020இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் நடக்க இருந்த ஐசிஎம்எஸ்ஸை ஒன்லைனில் நடத்தினார்கள். நான் மட்டக்களப்பில் வீட்டில் இருந்தபடி கேட்டேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

அந்த மாநாடு 2002இல் பெய்ஜிங்கில், உலகக் கணிதவியலாளர் மாநாட்டின் துணைக் கூட்டமாகத் தொடங்கியது. கணித மென்பொருளையே ஆய்வாக வைத்துப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் சேர் கேட்ட கேள்வியை அங்கே யாரும் முதல் கேள்வியாகக் கேட்கமாட்டார்கள். கேட்பது வேறு. என்ன கொடுக்க வேண்டும், என்ன வரும், வருவது சரி என்று உனக்கு எப்படித் தெரியும், நான் எங்கே இறக்கிக்கொள்வது, எந்த உரிமத்தில்? உன் பதிவில் இந்த ஐந்தில் முதல் இரண்டுக்குத்தான் பதில் இருக்கிறது.

எல்லாம் அமர்வு அமர்வாகப் பிரித்துத்தான் நடக்கும். உனக்குப் பொருத்தமான அமர்வைப் பார்த்து, அதை நடத்துபவர்களுக்கு முதலில் ஒரு சிறு சுருக்கம் அனுப்பு. பொருந்துமா என்று சந்தேகம் வந்தால் அவர்களுக்கே இரண்டு வரி எழுதிக் கேள், அதில் ஒரு வெட்கமும் இல்லை. ஸ்பிரிங்கர் பதிப்பகம் போடும் மாநாட்டுத் தொகுப்பில் வர வேண்டும் என்றால் அதற்கு நீண்ட வடிவம் தனியாக எழுத வேண்டும், அதை ஆட்கள் வாசித்துத் திருத்தம் கேட்பார்கள். முதல் தடவை சுருக்கமே போதும்.

மறுகா, ஒன்றை மனதில் வை. அந்த 600 வரியை யாரும் இரண்டு பின்னேரத்தில் எழுதிவிடுவார்கள். அந்தக் கொப்பி வேறு யாரிடமும் இல்லை. நீ அதைப் பதிவின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறாய்.

அக்கரைப்பற்றான்

கொப்பியை அப்படியே இணையத்தில் போடச் சொல்கிறீர்களா அண்ணா? போட்டால் அடுத்த மாதமே விசைத்தறிக்காரன் அதே சாரத்தைப் பாதி விலைக்கு விற்பான். தங்கச்சி, நிரலைத் திறந்து வை. வடிவங்களை வாப்பாவிடம் கேட்காமல் போடாதே.

காசு விசயம்: பதிவுக் கட்டணம், டிக்கெட், வீசா என்று நம் பக்கத்து ஆட்களுக்கு அது பெரிய மலை. ஒன்லைனில் பேச விடுவார்களா என்று முதலே கேட்டுக்கொள். ஆகாவிட்டால், திறந்த ஆய்வு மென்பொருளுக்கென்றே 2016இல் தொடங்கிய ஜோஸ் என்ற ஆய்விதழ் இருக்கிறது. எழுதுபவரிடம் காசு வாங்குவதில்லை. ஆனால் நிரலை ஒவ்வொன்றாகக் கிண்டிப் பார்ப்பார்கள்.

வந்தாறுமூலை நூலகம்

கிண்டிப் பார்ப்பது என்றதும் நானே செய்து பார்த்தேன். நீங்கள் தனிமடலில் அனுப்பிய நிரலை இறக்கி 4க்கு 4 வடிவங்கள் இருபது கொடுத்தேன், எல்லாம் சரி. 4க்கு 6 ஒன்று கொடுத்தேன், விழுந்துவிட்டது.

83ஆம் வரியைப் பாருங்கள். கிடை வரிசையையும் நெடுக்கு வரிசையையும் மாற்றி எடுக்கிறீர்கள். சதுரத்தில் இது கண்ணில் படவே படாது, ஏனென்றால் மாற்றி எடுத்தால் பாவு ஊடாகவும் ஊடு பாவாகவும் மாறி, அம்புகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிக்கொள்ளும். எல்லா அம்பையும் திருப்பினால் "எங்கிருந்தும் எங்கும் போகலாம்" என்பது மாறாது. பிழையான நிரல் சரியான விடை சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது! எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது, குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். சோதனைக் கோப்பில் நீள்சதுரங்களையும் கிளாபமின் முறையையும் சேர்த்து, இரண்டு விடையும் ஒத்துவருகிறதா என்று ஓட விடுங்கள். "சரி என்று எப்படித் தெரியும்" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை

நூலகம் நானாவோ அக்காவோ, 83ஆம் வரியைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தேன். எங்கள் தறிக்கு நாலு மிதி, அதனால் 4க்கு 4 என்றே யோசித்திருக்கிறேன். திருத்திவிட்டேன். கிளாபமின் முறையையும் எழுதி, 4க்கு 4இல் வரக்கூடிய 65,536 வடிவங்களையும் இரண்டு முறையிலும் ஓட விட்டேன். ஒன்றில்கூட முரண் இல்லை. இப்போது 4க்கு 6 ஓடிக்கொண்டிருக்கிறது, அது ஒரு கோடியே 67 இலட்சத்துக்கு மேல், மடிக்கணினி சூடாகிப் பூனை பக்கத்தில் வந்து படுத்துவிட்டது.

வாப்பாவிடம் கொப்பி விசயம் கேட்டேன். பன்னிரண்டு வடிவம் போடு, மிச்சம் வீட்டில் இருக்கட்டும் என்றார். எந்தப் பன்னிரண்டு என்று அவரே தெரிந்து தருகிறார். எல்லாம் இப்போது யாரும் கேட்டு வாங்காதவை என்று உம்மா சொல்கிறா.

அப்புறம் இன்னொன்று. நிரல் "பிரியாது" என்று சொன்ன ஒரு வடிவத்தைத் திரையில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர் சிரித்தார். ஒரு நூல் பதினொரு நூலுக்கு மேலால் எங்கும் பிடிபடாமல் ஓடுகிறது. "இது பிரியாதுதான், ஆனா உடுத்தவன்ட கால் நகம் கொழுவி முதல் நாளே கிழியும்" என்றார். கணிதத்தில் துணி, இடுப்பில் துணி இல்லை. அதனால் நூல் பிடிப்பில்லாமல் ஓடும் அதிகபட்ச நீளத்தையும் நிரல் இப்போது சொல்லும். எத்தனைக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லையை வாப்பா சொன்னார், சாரத்துக்கு ஐந்து. சுருக்கத்தில் அந்த எண்ணுக்கு யாரை மேற்கோள் காட்டுவது, கல்லடி அண்ணா?

கல்லடிப் பாலம்

மேற்கோள் வேண்டாம். வாப்பாவின் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில் போடு. மாட்டேன் என்பார், போடு.